கண்ணீரின் அருமை

கண்ணீர் துயரின் அடையாளம் என்பர். இமைதோறும் கண்ணைக் கழுவிக் காப்பதும் அதுவே என்பதை அது வற்றியவரே நன்கறிவர். உடலைக் காக்கும் ஆற்றலே மயங்கிக் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் நோயொன்றுண்டு. சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் என்ரிக் சோகிரென் 1933-இல் அதனை விரித்தாராய்ந்து எழுதினமையின், அவர் பெயரால் வழங்குகின்றது. கீழிமையிற் செருகிய தாள் 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டருக்குமேல் நனையாதாயின் வறட்சி மிக்கதென்பர்.

கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், வெயில் தைக்கும், காண்பார்க்கோ கண் நலமுடையதாகவே தோன்றும். உறுத்துமுன்னரே கண்துளி இடுதலும், விசிறிக்காற்றை முகத்தில் ஏலாமையும், ஓதுங்கால் நினைந்து இமைத்தலும், வெயிலிற் கருங்கண்ணாடி அணிதலும் துணையாம். வீட்டினுள்ளும் அதனையே அணிந்து இருளிற் பழகின் ஒளிக்கூச்சம் மிகும். நோய் முற்றும் நீங்காதாயினும், ஒரு பக்கம் ஓதிக் கண்மூடி ஓய்ந்து மறுபக்கம் ஓதுவார்க்கு நூலின்பம் நீங்காது.