மூன்றாவது சிலிண்டர்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் மழை சற்று ஓய்ந்ததும் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்தேன். பெரார்கஞ்ச் கடைத்தெருவரை ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில் இன்ஜின் சூடேறியதும் பின்பக்கம் குலுங்க ஆரம்பித்தது. ஐடிலிங் நிற்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டால் அணைந்துவிடுகிறது.

1968 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1493 சி.சி., காற்றில் குளிரும் இன்ஜின். மாமா சென்னையில் வாங்கிக் கப்பலேற்றி, அந்தமானில் ஹாடோ துறைமுகத்தில் இறக்கிய வண்டி. அடுத்த மாதம் ரங்கத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அங்கே போக ஜிர்காடாங்கில் கான்வாயில் சேர வேண்டும். வழியில் ஜாரவா பழங்குடிக் காப்புக்காட்டுக்குள் வண்டியை எங்கும் நிறுத்தக் கூடாது. நின்று போகக்கூடிய வண்டியை அந்த வரிசையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது மற்றவர்களுக்கும் செய்கிற அநியாயம்.

ஜூன் 9, திங்கள்

சென்னை நண்பனிடம் சொன்னேன். "எத்தனால்தான்டா, வேற என்ன?" என்றான். அங்கே இப்போது எந்தப் பழைய வண்டி இருமினாலும் இதே பதில்தான். ஆனால் 2019 ஏப்ரலில் எத்தனால் கலப்பை நாடு முழுக்க விரிவாக்கியபோது அந்தமானையும் லட்சத்தீவையும் மட்டும் விட்டுவைத்தார்கள். இங்கே சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். இந்த ஈரத்தில் பாதி காலியான டேங்குக்குள் வியர்த்துக் கொட்டும். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். அடியில் தண்ணீர் தங்கவில்லை. பெட்ரோலை விட்டாயிற்று.

ஜூன் 12, வியாழன்

மெக்கானிக் அண்ணன் வந்தார். ஆட்டோவும் படகு இன்ஜினும் பார்க்கிறவர், பீட்டிலை முன்பு தொட்டதில்லை. வந்தவுடன் ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு சத்தத்தையே கேட்டார். "தம்பி, நாலுல ஒண்ணு வேலை செய்யல. எதுன்னு முதல்ல கண்டுபிடிப்போம். கார்பரேட்டர் பக்கமே போகாதீங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான். மிஸ்ஸிங் என்றதும் எல்லோர் கையும் கார்பரேட்டர் திருகாணிக்குத்தான் போகும், திருக வசதியான இடத்தில் இருப்பதால். டேப்பட், பாயிண்ட், டைமிங், அதற்கப்புறம்தான் கார்பரேட்டர். முந்தையது சரியில்லாமல் பிந்தையதைச் சரிசெய்தால் ஒரு குறையை இன்னொரு குறையால் மூடியதாக ஆகும். நம் தீவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரு பொருளை மாற்றிப் பார்த்து, சரிவராவிட்டால் அடுத்ததை மாற்றுகிற பழக்கம் மெயின்லேண்டில் செல்லும். இங்கே ஒவ்வொரு பொருளும் கடல் தாண்டி வர வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இருட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்கள் மேல் தண்ணீர் தெளித்தோம். உறை வெடித்த வயர் என்றால் நீலப் பொறி தெரியும். ஒன்றும் தெரியவில்லை. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், சரி. பிறகு நன்றாகச் சூடாக்கிவிட்டு, ரப்பர் கையுறையோடு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினார் அண்ணன். ஒன்றைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறியது. இரண்டு, நான்கு, அவையும் அப்படியே. மூன்றைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே சும்மாதான் இருந்திருக்கிறது.

ஒன்றாவது பிளக்கை மூன்றிலும் மூன்றாவதை ஒன்றிலும் மாற்றிப் போட்டோம். குறை பிளக்கோடு போகாமல் மூன்றிலேயே நின்றது. அப்படியானால் கம்ப்ரெஷன்.

ஜூன் 16, திங்கள்

மூன்றாவது சிலிண்டர் என்றதும் எனக்கு ஆச்சரியமில்லை. இந்த இன்ஜினில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்ட காற்றுதான் அதற்கு வந்து சேரும், அதுவும் குறைந்த அளவில். நிறுவனத்துக்கும் இது தெரியும். அதனால்தான் சில டிஸ்ட்ரிப்யூட்டர்களில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறி சற்றுத் தாமதமாக விழும்படி வைத்தார்கள். 1971 மாடலின் 1600 இன்ஜினில் கூலரைத் தனிக் கூண்டுக்கு மாற்றினார்கள்.

ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் கவரைத் திறந்தோம். பொறி விழும் வரிசை 1-4-3-2. புல்லியை எதிர்த்திசையில் அரைச்சுற்று சுற்றினால் 1, 2, 3, 4 என்று நேராக வரும். டேப்பட் இடைவெளி பழைய கையேட்டில் 0.10 மில்லிமீட்டர் என்றிருக்கும், பிறகு நிறுவனமே 0.15 ஆக்கியது. மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வ் முழுதாக மூடவே இல்லை. 0.15 வைத்து மூடினோம். இன்ஜின் தையல் மிஷின் போல ஓடியது. அண்ணன் சிரிக்கவில்லை. "ஏன் இறுகுச்சுன்னு தெரியல பாருங்க" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

துஷ்ணாபாத், விம்பர்லிகஞ்ச் என்று ஓட்டிவிட்டு மறுபடி அளந்தேன். மற்ற ஏழு வால்வுகளும் வைத்தபடியே இருந்தன. அந்த ஒன்று மட்டும் திரும்ப இறுகிவிட்டது.

ஒருமுறை இறுகினால் தேய்மானம் என்று விடலாம். வைத்த இடைவெளி சீக்கிரமே மறைந்தால், வால்வின் தண்டு சூட்டில் நீள்கிறது என்று அர்த்தம். நீளும் தண்டு ஒருநாள் முறியும். தலை பிஸ்டன் மேல் விழுந்தால் இன்ஜினே போய்விடும். டேப்பட்டைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது வைத்தியம் அல்ல. ரங்கத்துக்குப் பஸ்ஸில் போவதென்று வீட்டில் சொல்லிவிட்டேன். முகங்கள் ஒன்றும் மலரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்ஜினை இறக்கினோம். கியர்பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கே நட்டுகள். பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்களைக் கழற்றி, ஜாக்கி வைத்துப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். ஃபேன் கூட்டைத் தூக்கியதும் விடை தெரிந்தது. ஆயில் கூலரைச் சுற்றியும் மூன்றாவது சிலிண்டரின் செதில்களுக்கு நடுவிலும் தேங்காய் நார், கிழிந்த சாக்கு, கடித்த ரப்பர். எலி கூடு கட்டியிருக்கிறது! மழைக்காலத்தில் தோப்பு எலிக்கு இதைவிட உலர்ந்த வீடு கிடைக்காது. ஃபேன் காற்றை உள்ளிழுக்கும் வாயே அதற்கு வாசல். தண்ணீரில் குளிரும் இன்ஜின் என்றால் முள் ஏறிச் சூட்டைச் சொல்லும். இந்த வண்டியில் அப்படி ஒரு முள்ளே கிடையாது.

ஜூலை 27, ஞாயிறு

பார்சல் வந்தது. புது எக்ஸாஸ்ட் வால்வ், கைடு, கேஸ்கட்டுகள். கைடை லேத்தில் மாற்றி, வால்வைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தார் அண்ணன். பழைய வால்வின் கழுத்து வெறுங்கண்ணுக்கே மெலிந்து தெரிந்தது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனும் இப்போது கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கிறது. ஆயில் இரண்டரை லிட்டரும் புதிது.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஃபேன் வாயில் கம்பி வலை கட்டச் சொல்கிறார் அண்ணன். வலையில் தூசி அடைத்தால் நாலு சிலிண்டருக்கும் காற்று குறையும் என்கிறேன் நான். "அப்ப ஷெட்டுக்குக் கதவு போடுங்க தம்பி" என்கிறார். கதவுக்கான பலகைக்கு அளவெடுத்தாயிற்று. அதுவரை எலிப்பொறிதான்.