முனகல்

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. பெயரில் புதுமை ஒன்றும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படியில் ஒண்டிக்கொண்டிருந்தது. நாட்டு நாய்க் குட்டி. அம்மா பழைய துண்டால் துடைத்துப் பால் வைத்தாள். தண்ணீர் வடிந்ததும் கீழே விட்டுவிடுவதாகத்தான் பேச்சு. விடவில்லை.

அது அதிகம் குரைக்காது. முனகும். மூக்கிலிருந்து வருகிற மெல்லிய, அறுபடாத ஒலி. கவிதை எழுதும் நண்பர் ஒருவர் ஒரு சாயங்காலம் முழுக்க அதைக் கேட்டுவிட்டு, இதற்கும் ஒரு தொகுப்பு போட்டுவிடலாம் என்றார். கீழ் வீட்டுக்காரர்களுக்கு அந்த அளவு இலக்கிய ருசி இல்லை. வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து ஆள் வந்தது.

கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். எப்போது முனகுகிறது என்று கேட்டார். எப்போதும் என்றேன். "எப்போதும்னு ஒண்ணு கிடையாது சார். ஒரு வாரம் எழுதிக்கிட்டு வாங்க" என்றார். வலிக்காகவும் நாய் முனகும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று காது, பல், வயிறு, மூட்டு எல்லாவற்றையும் தொட்டு அழுத்திப் பார்த்தார். வலி இல்லை.

நோட்டுப் போட்டு எழுதினேன். ஒரே முனகல் என்று நான் நினைத்திருந்தது ஐந்தாறாகப் பிரிந்தது. விடியற்காலையில் கதவருகே முனகுவது மூத்திரத்துக்கு. நான் சட்டை மாட்டும்போது முனகுவது பிரிவுக்கு. தட்டுச் சத்தம் கேட்டு முனகுவது ஆசைக்கு. இடிக்குப் பயந்து ஒன்று. திரும்பி வந்த என்னைக் கண்டு, வாலை ஆட்டிக்கொண்டே ஒன்று. ராத்திரி ஒன்று, யாராவது எழுந்து வர வேண்டும் என்பதற்காக.

ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. விடியுமுன் வெளியே கூட்டிப்போக வேண்டும். சட்டை மாட்டிக்கொண்டு போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் போய்வர வேண்டும், பிறகு ஐந்து நிமிஷம். இடிக்குப் பயந்தால் பக்கத்தில் இருக்க வேண்டும். சோறு, அது வாய் மூடி இருக்கும்போதுதான். ராத்திரி முனகலுக்கு, வெளியே போய்வந்து வயிறும் நிறைந்திருந்தால், பதிலே கூடாது. அதட்டவும் கூடாது, அதட்டுவதும் ஒரு பதில்தான். முக்கியமாக, வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எப்போதும் பலன் கிடைக்கிற பழக்கத்தைவிட, எப்போதாவது பலன் கிடைக்கிற பழக்கம்தான் லேசில் போகாது. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் பெரும்பாலும் புறாக்களை வைத்து ஆராய்ந்து 1957இல் வெளியிட்ட தடித்த புத்தகம், பலன் எந்த முறையில் வந்தால் பழக்கம் எப்படி அமைகிறது என்பதைப் பற்றியதுதான். பதிலை அடியோடு நிறுத்தினால் குரல் முதலில் உயரும். பிறகு தேயும். பிறகு நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் அந்த எப்போதாவது கிடைக்கிற பலன் அம்மா. ராத்திரி எழுந்து போய் ஒரு ரஸ்க்கைக் கொடுத்துவிட்டு வருவாள். கோபித்துக்கொண்டேன். "அது கூப்பிடுதுடா. கேட்டும் கேட்காத மாதிரி எப்படி இருக்கிறது?" என்றாள். பிறகு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். மூன்று வாரத்தில் மணி அடங்கிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா போன பிறகு ராத்திரியில் 'முருகா' என்று முனகிப் புரண்டு படுப்பாள். முதலில் என்ன என்று கேட்டோம். தைலம் வாங்கிக் கொடுத்தோம். பிறகு கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. தைலம் வேலை செய்கிறது என்று மனைவியிடம் சொன்னதாக ஞாபகம்.

2018இல் அம்மா குளியலறையில் விழுந்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், முழங்கால் இரண்டும் வருஷக்கணக்காகத் தேய்ந்திருக்கிறது, இத்தனை நாள் எப்படி நடந்தார், சொல்லவே இல்லையா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

நாய்க்கு நோட்டு வைத்திருந்தவன் நான். சில கவிதைத் தொகுப்புகளைப் 'புலம்பல்' என்று ஒரே வார்த்தையில் எழுதித் தள்ளியவனும் நான்தான். எந்த நேரத்துப் புலம்பல் என்று அங்கும் கேட்டதில்லை.

நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் காதும் மூடியிருக்கும். திறக்க இரண்டு வாரம் போல ஆகும். அதற்கு முன்பே முனகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது, குளிர்ந்தால் முனகும், தாய் வந்து அணைத்துக்கொள்ளும். காது திறக்காத ஜீவன், கேட்பதற்கு இன்னொன்று இருக்கிறது என்று குரல் எழுப்புகிறது. பதில் வராவிட்டால் குரல் நிற்கும். குளிர் நிற்பதில்லை.

வியாச பாரதத்தின் ஆதிபர்வத்தில், கதை இன்னும் சரியாகத் தொடங்காத இடத்தில், ஒரு நாய்க்குட்டி அழுதுகொண்டு தாயிடம் வருகிறது. யாகம் நடக்கிற இடத்தில் ஜனமேஜயனின் தம்பிகள் அதை அடித்துவிட்டார்கள். தாய் சரமை, ஏன் அழுகிறாய், யார் அடித்தார்கள் என்று விசாரிக்கிறாள். நீ ஏதாவது தப்புச் செய்திருப்பாய் என்கிறாள். அவியை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை என்கிறது குட்டி. சரமை நேரே யாகத்துக்குப் போய் நியாயம் கேட்கிறாள். அவர்கள் வாய் திறக்கவில்லை. சபித்துவிட்டு வருகிறாள். குற்றம் செய்யாத குட்டியை அடித்ததற்குத்தான் சாபம். பதில் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து என்று எனக்குப் படுகிறது.

அம்மா இப்போது இல்லை. மணிக்கு வயதாகிவிட்டது. ராத்திரியில் மறுபடி முனக ஆரம்பித்திருக்கிறது. மருத்துவர் வலி இல்லை என்று பார்த்துச் சொன்னார். கிழட்டு நாய்கள் சிலவற்றுக்கு இரவு பகல் குழம்பும், பழகிய வீட்டிலேயே திசை தெரியாமல் நிற்கும், கூடத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும் என்றார். எரிகிறது. இருந்தும் முனகுகிறது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். பழைய நோட்டில் கொஞ்சம் தாள் மீதி இருக்கிறது. நேற்று எழுதியது: இரண்டு பத்து; கூடம்; காரணம் தெரியவில்லை.