முப்பத்தாறு படிகள்

உம்மா கடைசியாகத் தன் காலால் படியிறங்கியது 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில். பக்கத்து வளவில் ஒரு மௌத். போய் வந்தவருக்குத் திரும்பி ஏற முடியவில்லை. படிக்குப் படி உட்கார்ந்தார். கடைசியில் பேரப்பிள்ளைகள் நாலு பேர் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“மௌத்தாகாமலே சந்தூக்குல போறன்” என்றார் உம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு மூன்று வருடங்களாக அவர் கீழே வரவில்லை. மொத்தம் 36 படிகள். அந்தக் கணக்கு எங்கள் குடும்பத்தில் குழந்தைகளுக்கும் பாடம்.

உம்மா எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணமானால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு, பெற்றோர் பின்பக்கம் ஒதுங்குவார்கள். மருமகன் வந்து சேர்வான். நானும் அப்படித்தான் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்குப் போனவன். கல்முனைக்குடியில் நான் பிறந்த வீடு தங்கச்சிக்குப் போனது. உம்மாவும் வாப்பாவும் குசினிப் பக்கத்து அறைக்கு மாறினார்கள்.

அந்த அறையில்தான் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வந்தது. உம்மாவைப் பக்கத்து வீட்டு மேல்தளத்துக்கு இழுத்து ஏற்றினார்கள். அங்கே நின்றவர்கள் தப்பினார்கள். கடற்கரையோரம் குடியிருந்த சாச்சியின் வீடு இருந்த இடத்தில் அடுத்த நாள் மணல்தான் இருந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேல்.

“இனி நான் நெலத்துல படுக்கமாட்டன்” என்றார் உம்மா. 2006இல் மச்சான் முதலாம் மாடியைக் கட்டி அவரை ஏற்றினார். 2016இல் தங்கச்சியின் மூத்த மகளுக்குக் கலியாணம். வேறு காணிக்கு எங்கே போவது? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு கீலம் ஊர். முதலாம் மாடி மகளுக்குச் சீதனமானது. உம்மாவுக்காக இரண்டாம் மாடியில் ஓர் அறை எழும்பியது. யாரும் அவரைத் துரத்தவில்லை. அன்போடுதான் ஏற்றினோம். ஏற்றியவர்களில் ஒருவரும் அவருடைய முழங்காலைப் பற்றி நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வூதியத்தோடு கிடைத்த பணிக்கொடையில் உம்மாவுக்கு ஒரு லிப்ட் போடுவது என்று நான் தீர்மானித்தேன். சொன்னபோது ஊரில் சிலர் சிரித்தார்கள். “வாத்தியார் வீட்டை ஹோட்டலாக்கப் போறாராம்” என்று ஒரு கதை. லிப்ட் என்றால் பணக்காரரின் பவுசு என்றுதான் நம்மவர் மனதில் பதிந்திருக்கிறது. அங்கவீனர்களின் வசதிக்காக 2006இல் வந்த ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களைப் பற்றித்தான் பேசுகின்றன. வீட்டுக்குள் முடங்கிய கிழவிகளுக்கு வீட்டார்தான் சட்டம்.

முதல் சிக்கல் பணமல்ல, இடம். சக்கர நாற்காலி போகக்கூடிய பெட்டி ஒரு மீற்றர் அகலமும் ஒன்றேகால் மீற்றர் நீளமும் இருக்க வேண்டும். தண்டவாளமும் சுவரும் சேர்த்தால் ஐந்தரை அடிக்கு ஐந்தரை அடி. மூன்று தளத்திலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அந்த இடம் வேண்டும். அளந்து பார்த்ததில் பொருந்தியது ஒரேயொரு மூலைதான். கீழே அது தங்கச்சியின் இளைய மகளுக்கென்று பேசிவைத்த அறை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் காற்பங்கு போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் அந்த அறையை ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“காக்கா, ஒங்களுக்கும் உம்மா, எனக்கும் உம்மா. ஆனா குறையிறது எண்ட புள்ளட அறை” என்றாள் தங்கச்சி. அவள் சொன்னதில் பிழையில்லை. மச்சான் வேறு வழி சொன்னார்: அந்த அறையையே உம்மாவுக்குக் கொடுத்து அவரைக் கீழே கொண்டுவருவோம், செலவும் இல்லை. உம்மாவிடம் கேட்டோம். அவர் கடல் பக்கத்து யன்னலைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தங்கச்சி தொலைபேசியில், “வெட்டுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

2023 நவம்பரில் வேலை தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தார் கயிற்றில் ஓடும் லிப்டுக்குப் படம் கீறித் தந்திருந்தார்கள். அதற்குக் கீழே நாலரை அடிக் குழி வேண்டும். கடற்கரை மணலில், மாரி மழையில், நாலரை அடி! மூன்றடியிலேயே நீர் ஊறத் தொடங்கியது. விடியப் பார்த்தால் குழி நிறைந்து அறைக்குள் பரவியிருந்தது. வீட்டுச் சின்னவன் ஓடிப்போய், “உம்மம்மா, கீழ தண்ணி வந்திட்டு” என்று சொல்லிவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது உம்மா கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கலிமா ஓதிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. “குழியை மூடு மகன். எனக்கு லிப்டும் வாணாம், ஒண்டும் வாணாம்.” அன்றே மணல் போட்டு மூடினோம். வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழைகளில் அது ஒன்று. ஒரு தடவை உட்கார்ந்து யோசித்திருந்தால், எங்கள் கிணறுகளைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். வீட்டு லிப்டுகள் பல விதம். கயிறும் எதிர்ப்பாரமும் கொண்டது ஒன்று. எண்ணெய் அழுத்தத்தால் உந்துதண்டு ஏறி இறங்குவது இன்னொன்று. திருகாணியில் ஏறுவதும், காற்றை உறிஞ்சி ஏறும் கண்ணாடிக் குழாயும்கூட இருக்கின்றன. எண்ணெய் லிப்டுக்கு எட்டு அங்குலக் குழி போதும். வீட்டின் 230 வோல்ட் ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் நின்றால் பெட்டி நடுவழியில் தொங்காது. பற்றரி ஒரு வால்வைத் திறக்க, பாரத்தாலேயே மெதுவாக இறங்கி வந்துவிடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சின்ன விசயமல்ல.

வேறொரு நிறுவனத்தாரைப் பிடித்தோம். மழை ஓய்ந்து தளங்களை வெட்டினோம். சும்மா வெட்ட முடியாது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய துளையைச் சுற்றிப் புதிதாக வளை போட வேண்டும். சீமெந்துக் கற்சுவர் தண்டவாள ஆணியைத் தாங்காது என்பதால் மூலைக்கொரு கொங்கிறீட் தூணும் எழும்பியது. மேசன் உச்சியிலிருந்து தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் ஒன்றரை அங்குலம் விலகல். “ரெண்டு மேசன் கட்டின ஊடு” என்று சிரித்தார். அந்த ஒன்றரை அங்குலத்தைச் செதுக்க மூன்று நாள் பிடித்தது. உப்புக் காத்து தின்னாதபடி இரும்பெல்லாம் நாகம் பூசியதாக எடுத்தோம்.

உம்மாவுக்கு ஒரு கேள்விதான். “கயிறு அறுந்தா?” நான் ஒட்டிஸின் கதையைச் சொன்னேன். 1854இல் நியூயோர்க் கண்காட்சியில் அந்த மனிதர் உயரத்தில் மேடையில் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. மூன்று வருடத்தில் அதே நகரில் ஒரு கடையில் ஆளேறும் லிப்ட் வந்தது. உலகம் உயரமாகக் கட்டத் துணிந்தது அந்தத் தடுப்பை நம்பித்தான். “இதுலயும் குழாய் வெடிச்சா எண்ணெய் ஓடாம வால்வு மூடிக்கொள்ளும் உம்மா” என்றேன். “அவரு ஏறி நிண்டு காட்டினார்தானே. நீயும் முதல்ல ஏறிக் காட்டு” என்றார்.

ஏறிக் காட்டினேன். 2024 ஜூலையில் ஒரு அஸர் நேரத்தில் உம்மாவும் ஏறினார். கீழே வர 43 விநாடிகள். கதவு திறந்தபோது அவர் இறங்கவில்லை. எட்டி நிலத்தைப் பார்த்தார். காய்ந்த நிலம். பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். மூன்று வருடங்களில் எத்தனை பேர் மௌத்தாகியிருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் கேட்டறிந்தார். மஃரிபுக்கு மேலே போய்விட்டார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பகலில் மனிதரிடம் இறங்குவார். இரவில் உயரத்தில் படுப்பார்.

2025 பெப்ரவரி 9, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போன நாள். உம்மா அப்போது கீழே இருந்தார். பற்றரி இறக்குமே தவிர ஏற்றாது. லுஹர் தொழுதார், சாப்பிட்டார், மின்சாரம் வரவில்லை. களைத்துப்போய் இளைய பேத்தியின் அறையில் சாய்ந்துவிட்டார். அந்தக் காற்பங்கு குறைந்த அறையில்.

தங்கச்சி என்னை அழைத்து மெல்லிய குரலில், “காக்கா, உம்மா நெலத்து ஊட்டுல நித்திரை” என்றாள். இருபது வருடங்களில் முதல் தடவை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அஸருக்குப் பிறகு மின்சாரம் வந்தது. உம்மா எழுந்து வுழூ எடுத்து, ஒன்றும் நடக்காதது போல் மேலே போய்விட்டார். பயம் போய்விடவில்லை. போக வேண்டும் என்று நாங்களும் இப்போது கேட்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் அறையை மறுபடி பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா ஒன்றும் பேசாமல் லிப்டில் ஏறி இறங்கினார். “எனக்கும் முழங்கால் வருத்தந்தான்” என்றார். அறையின் அளவை யாரும் கேட்கவில்லை.

ஊரில் இப்போதும் மாடிக்கு மேல் மாடி எழும்புகிறது. கட்டுகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. லிப்ட் இன்றைக்கு வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் ஐந்தரைக்கு ஐந்தரை அடியில் ஒரு சாமான் அறை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நாலு மூலையிலும் தூணோடும், தளத்தில் அந்த இடத்தைச் சுற்றி வளையோடும் கட்டிவையுங்கள். இப்போது நெல்மூட்டை வைக்கலாம். ஒரு நாள் நடுத்தளத்தை மட்டும் வெட்டினால் போதும். மகளுக்கு வீடு கட்டும்போதே, அந்த மகளும் ஒரு நாள் மேல்மாடிக்குப் போவாள் என்று நினைத்துக்கொண்டால் சரி.