ஒரு வார்த்தைத் திருத்தம்

நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் புகழ்ந்து எழுதியவை சீக்கிரம் மறந்துபோகும். குற்றம் கண்டுபிடித்து எழுதியவை மறப்பதில்லை. அந்தக் குற்றம் உண்மையாகவும் இருந்துவிட்டால் தூக்கமே வருவதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய ஒரு நாவல், தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதன் நடுப்பகுதி டால்ஸ்டாய் பண்ணையில் நடக்கிறது. சிறைக்குப் போனவர்களின் பெண்டு பிள்ளைகள் தங்குவதற்காக, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், 1910-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பண்ணை அது. 1,100 ஏக்கர் நிலம். ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள். போராட்டம் நடக்கிற வரையில் வாடகையின்றி வைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர். இத்தனை பெரிய உபகாரம் செய்தவரை நான் அரை வாக்கியத்தில் தீர்த்துக் கட்டியிருந்தேன். 'பணக்கார ஜெர்மானியர் ஒருவர் கொடுத்த நிலம்' என்று எழுதிவிட்டுக் கதாநாயகியின் கண்ணீரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார். "ஐயா, தாங்கள் ஜெர்மானியர் என்று எழுதியிருக்கிறவர் ஒரு யூதர். அவர் பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் இன்று லிதுவேனியாவில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இருக்க இடம் கொடுத்தவருக்கு ஊர் எது என்று விசாரிக்க வேண்டாமா?" என்று கேட்டிருந்தார்.

காந்தியடிகளே அவரை ஜெர்மானியர் என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார் என்று பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில் வெட்கமாகப் போயிற்று. சிநேகிதர் சிநேகிதரைப் பற்றிச் சொல்லும் வார்த்தை வேறு. நான் சோம்பல்பட்டு எழுதிய வார்த்தை வேறு. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

என் அக்காள் மகன் லிதுவேனியாவில், கௌனாஸ் நகரத்தில் வைத்தியம் படிக்கிறான். தொலைபேசியில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஊர் பெயர் ருஸ்னே, மாமா. இங்கே எங்க ஊர் வழியா ஓடற நெமுனாஸ் ஆறுதான் அங்கேயும் போகுது. வாங்களேன், போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றான். ஒரு வார்த்தையைத் திருத்துவதற்கு இவ்வளவு தூரப் பிரயாணமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் போனேன்.

அப்போது ஏப்ரல் மாதம். கிளைப்பேடா துறைமுகத்திலிருந்து ஷிலுதே என்ற ஊருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ருஸ்னேக்கு இன்னொரு பஸ். இருபுறமும் புல்வெளிகள் முழுகித் தண்ணீராய்க் கிடந்தன. வெள்ளை நாரைகள் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தன. முன்பெல்லாம் வெள்ளத்தில் இந்தச் சாலையும் மூழ்கிவிடுமாம். அப்போது காரையும் மனிதர்களையும் டிராக்டர் வண்டியில் ஏற்றித்தான் அக்கரை சேர்ப்பார்களாம். மேம்பாலம் வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன.

நெமுனாஸ் ஆறு கடைசியில் இரண்டாகப் பிரிந்து, கூரியக் காயல் என்ற பெரிய உப்பங்கழியில் விழுகிறது. வடக்கே போகும் கிளைக்கு அத்மாதா என்று பெயர். தெற்கே போகும் கிளை ஸ்கிர்விதே. நடுவில் இருக்கும் தீவுதான் ருஸ்னே. தீவில் ஒரு பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. நம் ஸ்ரீரங்கத்தைப்போல ஆற்று நடுவே ஊர் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் இங்கே கோபுரம் இல்லை; கூட்டமும் இல்லை. ஜனத்தொகை இரண்டாயிரம்கூட இராது. மரவீடுகளும் செங்கல் வீடுகளும் ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக நிற்கின்றன. காற்றில் புகையில் வாட்டிய மீனின் வாசனை. என்னைப் போன்ற சைவர்களுக்குக் கறுப்பு ரொட்டியும் உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் உண்டு.

ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதும். தீவின் ஓரத்தில், உவோஸ்தாத்வாரிஸ் என்ற இடத்தில், 1876-ல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம் இருக்கிறது. இப்போது அது எரிவதில்லை. அதன் பக்கத்தில் 1907-ல் அமைத்த நீரேற்று நிலையம்; நீராவி இயந்திரம் வைத்துத் தண்ணீரை இறைத்துத் தாழ்ந்த நிலங்களைக் காப்பாற்றினார்கள். இன்று அது காட்சிசாலை. ஊருக்குள் 1809-ல் கட்டிய லூதரன் தேவாலயம். சோவியத் ஆட்சியில் அங்கே வழிபாடு நின்று கட்டடம் வேறு காரியங்களுக்குப் பயன்பட்டது. பிறகு மறுபடியும் தேவாலயமாயிற்று. ஆற்றின்மேல் 1914-ல் ஒரு பாலம் கட்டினார்கள். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் சேனை அதை வெடிவைத்துத் தகர்த்தது. இப்போதுள்ள பாலம் 1974-ல் வந்தது. நடுவில் முப்பது வருஷம் ஊருக்குப் பாலமே இல்லை.

இந்த ஊரில்தான் காலன்பாக் வளர்ந்தார். பிறந்தது இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஜெமைச்சு நௌமியேஸ்திஸ் என்ற ஊரில், 1871-ல். சின்ன தூரந்தான், ஆனால் அன்று இரண்டுக்கும் நடுவே தேச எல்லை ஓடியது. பிறந்த ஊர் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ராஜ்யம். வளர்ந்த ஊர் ஜெர்மனி. அந்த எல்லை சாமானிய எல்லையல்ல. ரஷ்ய அரசாங்கம் 1864 முதல் 1904 வரையில், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய மொழியை அச்சிடக் கூடாது என்று தடை போட்டிருந்தது. ஜெர்மன் பக்கம் அச்சான புத்தகங்களை ஜனங்கள் உடுப்புக்குள் ஒளித்துவைத்து எல்லை கடத்தினார்கள். எத்தனையோ பேர் பிடிபட்டு சைபீரியாவுக்குப் போனார்கள். புத்தகம் கடத்தியவர்களை வீரர்களாகக் கொண்டாடும் தேசத்தில் ஓர் எழுத்தாளன் கால் வைத்தால் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பான். நானும் நடந்தேன்.

காலன்பாக்கின் தகப்பனார் மரவியாபாரி. நெமுனாஸில் தெப்பம் தெப்பமாக மரம் மிதந்து வந்து ருஸ்னேயில் அறுபட்ட காலம் அது. பையன் ஜெர்மனியில் கட்டடக் கலை படித்து, 1896-ல் தென்னாப்பிரிக்கா போனார், பணம் சேர்த்தார். பிறகு காந்தியடிகளைச் சந்தித்து, சேர்த்த பழக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். பண்ணையை எழுதிக் கொடுத்துவிட்டு நகரத்தில் சௌகரியமாக உட்கார்ந்துவிடவில்லை. தாமும் அங்கேயே வந்து வசித்தார். கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து, காந்தியடிகளுக்கும் மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். போப்பையரின் தமிழ்க் கைப்புத்தகத்துக்கு மேல் தமிழ் அறியாத காந்தியடிகள் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த இடமும் அந்தப் பண்ணைதான். 1913-ல் நடந்த போராட்டத்தில் காலன்பாக்கும் சிறை சென்றார். இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் 'பணக்கார ஜெர்மானியர்' என்று எழுதியிருக்கிறேன்!

'ஜெர்மானியர்' என்ற அந்த வார்த்தை அவரைச் சும்மா விடவில்லை. 1914-ல் காந்தியடிகளோடு இந்தியாவுக்கு வந்துவிடுவது என்று கப்பல் ஏறினார். இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் யுத்தம் மூண்டுவிட்டது. காகிதத்தில் ஜெர்மன் பிரஜை, ஆகவே எதிரி. இந்தியாவுக்கு வர அனுமதி இல்லை. காந்தியடிகள் பம்பாய்க்கு வந்தார். காலன்பாக்கை ஒரு தீவு முகாமில் அடைத்து வைத்தார்கள். இந்திய மண்ணை மிதிக்க அவருக்கு 1937 வரையில், இருபத்து மூன்று வருஷம் பிடித்தது.

ஊரில் நாங்கள் தங்கியது ஒரு கிழவியின் வீட்டில். எழுபது வயது தாண்டியவர். என் மருமகனுக்குத் தெரிந்த லிதுவேனிய மொழியில் பேச்சு நொண்டி நொண்டி நடந்தது. அந்த மொழியில் நெருப்புக்கு 'உக்னிஸ்', மகனுக்கு 'சூனுஸ்', தெய்வத்துக்கு 'தியேவாஸ்'. அக்கினியும் சூனுவும் தேவனும் மாறுவேஷம் போட்டு வந்த மாதிரி இருந்தன.

"உங்கள் குடும்பம் பரம்பரையாக இந்த ஊர்தானா?" என்று கேட்கச் சொன்னேன்.

கிழவி சிரித்தார். "இந்த ஊரில் பரம்பரை என்று யாரைக் கேட்பது? 1944-ல் சோவியத் படை வரும்போது ஊரே காலியாகிவிட்டது. யுத்தத்துக்குப் பிறகு என் தகப்பனார் உள்நாட்டிலிருந்து வந்து இந்த வீட்டில் குடியேறினார்" என்றார்.

உண்மைதான். இந்த ஊர் முதல் யுத்தம் வரை ஜெர்மனி, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகம், 1923-ல் லிதுவேனியா, 1939 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி, யுத்தத்துக்குப் பிறகு சோவியத் யூனியன், 1990-ல் சுதந்திர லிதுவேனியா. தெற்கே ஸ்கிர்விதே ஆற்றுக்கு அக்கரை இன்று ரஷ்யா. யுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த பழைய குடிகள் மிகச் சிலர். அவர்களிலும் பலர் பின்னால் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். யூதர்கள் ஹிட்லர் வந்ததும் ஓடினார்கள். ஓடி எல்லைக்கு அப்பால் தஞ்சம் புகுந்தவர்களையும் 1941 விடவில்லை. காலன்பாக் பிறந்த ஊரின் யூதர்கள் அந்த ஆண்டில் கொல்லப்பட்டார்கள். அங்கே பழைய ஜெபாலயக் கட்டடம் மட்டும் நிற்கிறது. ஜெபிக்க ஆளில்லை.

கிழவி அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்துக் காட்டினார். கொல்லையில் உருளைக்கிழங்குக்குக் கொத்தும்போது கிடைத்ததாம். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் புதைத்துவிட்டுப் போன பாத்திரங்கள். "சுதந்திரம் வந்த பிறகு, பழைய வீட்டைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து இந்தத் தட்டைக் காட்டினேன். எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டாள். அவளுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அதனால் இதில் நான் சாப்பிடுவதில்லை" என்றார்.

மறுநாள் காலையில் அந்தச் சிலையைப் பார்க்கப் போனோம். 2015 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்தது. ரோமுவல்தாஸ் க்வின்தாஸ் என்ற சிற்பி செய்தது. காந்தியடிகளும் காலன்பாக்கும் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். காந்தியடிகள் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. சிலையை எழுப்பியவர்களின் பாட்டன் பூட்டன் காலன்பாக்கைக் கண்டிருக்க நியாயமில்லை. அவருடைய ஜனங்களோ இங்கே இல்லை. அவர் 1945-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். சாம்பலை கலிலேயா ஏரிக்கரையில் புதைத்தார்கள். அவருக்கும் இந்த ஊருக்கும் இப்போது என்ன பாத்தியதை?

கிழவியும் எங்களோடு வந்திருந்தார். கேட்டேன். அவர் அதைப் பெரிய கேள்வியாக நினைத்ததாகவே தெரியவில்லை. சிலையைக் காட்டி இரண்டே வார்த்தை சொன்னார்: "மூசு சூனுஸ்."

"எங்க பிள்ளைன்னு சொல்றாங்க, மாமா" என்றான் மருமகன். எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. யாருடையதோ ஒரு தட்டில் சாப்பிட மறுத்த அந்த அம்மாள், யார் பெற்ற பிள்ளையையோ தன் பிள்ளை என்று சொல்லத் தயங்கவில்லை.

திரும்புமுன் மருமகன், பழைய மீன்படகுகளின் பாய்மர உச்சியில் இருக்கும் வர்ணக் கொடிப் பலகைகளைக் காட்டினான். 1844-ல் வந்த உத்தரவாம். காயலில் திருட்டு மீன் பிடிப்பவர்களைக் கண்டுகொள்ள, எந்தப் படகு எந்தக் கிராமத்துப் படகு என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அதற்காகக் கரைக்கு ஒரு நிறம், கிராமத்துக்கு ஓர் அடையாளம். படகுக்கு அது சரி. மனிதன் தலையிலும் அப்படி ஒரு பலகையை நட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தச் சின்ன ஊரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஊருக்கு வந்ததும், நாவலின் அடுத்த பதிப்புக்கு அச்சுப் பிழை திருத்த உட்கார்ந்தேன். 'ஜெர்மானியர்' என்பதை அடித்தேன். 'யூதர்' என்று எழுதினேன், உண்மைதான், போதவில்லை. 'லிதுவேனியர்' என்று எழுதினேன். அவர் வளர்ந்தபோது அப்படி ஒரு தேசமே வரைபடத்தில் இல்லை. கடைசியில், 'ருஸ்னே என்ற ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த காலன்பாக் கொடுத்த நிலம்' என்று எழுதினேன். 'பணக்கார' என்பதையும் எடுத்துவிட்டேன். ஆசிரியருக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதமும் போட்டேன்.

அச்சகத்திலிருந்து பிழை திருத்தும் பையன் வந்தான். அந்த வரியில் விரலை வைத்து, "இந்த ருஸ்னே எந்த நாட்டிலே சார் இருக்கு?" என்று கேட்டான்.

"ஒரு வார்த்தையிலே சொல்ல முடியாதப்பா. அவசரம் இல்லேன்னா உட்காரு" என்றேன்.