உலக முடிவுக்குக் கீழே

விடியுமுன் நுவரெலியாவை விட்ட வேன், ஹோர்ட்டன் சமவெளிக்குள் ஃபார் இன் தகவல் நிலையத்தின் அருகே வந்து நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, பேசினால் வாயிலிருந்து ஆவி வரும் குளிர்.

"ஒம்பது மணிக்குள்ள உலக முடிவுக்குப் போயிருங்க சேர். பொறகு மூட்டம் போட்டா ஒண்ணும் தெரியாது" என்கிறார் சாரதி.

கழுத்தில் கேமராவோடு மகன் இறங்குகிறார். கம்பளிக் குல்லாய் போட்ட பேரன், மருமகள், கடைசியாக அப்பாயி. அறுபதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் மகனின் பழைய ஸ்வெட்டர், காலில் இறப்பர் செருப்பு.

நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். காவலர் தண்ணீர்ப் போத்தலைத் திருப்பி, நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்துப் பெட்டியில் போடுகிறார். கிரீம் கிராக்கர் பக்கெட்டைக் கிழித்து பிஸ்கட்டுகளைக் காகிதப் பையில் கொட்டுகிறார். பேரன் முகம் கோணுகிறது.

"பொலித்தீன மரை தின்னுரும்டா. தின்னா செத்துரும்" என்கிறார் தகப்பன்.

வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் மரை ஒன்று நிற்கிறது. நனைந்த பிடரிமயிர், அகன்ற கொம்பு. பத்துப் பேர் போன் நீட்டியும் அசையவில்லை. ஆட்களை விட அவர்கள் பைகள் மேல்தான் அதற்குக் கண்.

சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் சொச்சம். புல்வெளி, பிறகு பாசி படர்ந்த குட்டை மரங்களின் காடு, வேரும் கல்லும் சேறும். மகன் தகவல் நிலையத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஹோர்ட்டன் என்பது ஆங்கிலேய ஆளுநரின் பெயர். 1988இல் தேசிய பூங்கா ஆனது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. "ஒரு காலத்துல இங்க யானைக இருந்துச்சாம். வெள்ளைக்காரன் சுட்டே முடிச்சிட்டான்."

அப்பாயி முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். ஏற்றத்தில் பாதத்தைக் குறுக்கே வைத்து, முதுகை லேசாக வளைத்து ஏறுகிறார். முதுகில் கொழுந்துக் கூடை மட்டும்தான் இல்லை. விலையுயர்ந்த சப்பாத்துப் போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் சேற்றில் வழுக்க, இவர் அதே சேற்றை இரண்டு எட்டில் தாண்டுகிறார்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்கிறார் மகன், மூச்சு வாங்க.

உலக முடிவு. 800 மீட்டருக்கும் மேலான செங்குத்துப் பள்ளம் என்று பெயர். தெரிவதோ வெள்ளை மட்டும். நாற்பது ஐம்பது பேர் அந்த வெள்ளையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சிலர் அதன் முன்னால் நின்றே படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். காகிதப் பையிலிருந்த பிஸ்கட் நமத்துப்போய்விட்டது. பேரன் அதையும் விடவில்லை.

திடீரெனக் கீழிருந்து காற்று ஏறுகிறது. மூட்டம் கிழிகிறது. "ஆ" என்று ஒரே சத்தம். தூரத்து மலைகள், நடுவே நீலம், எங்கோ மின்னும் நீர். கைகள் எல்லாம் போனோடு உயர்கின்றன.

அப்பாயி தூரத்தைப் பார்க்கவில்லை. எட்டி, நேர் கீழே பார்க்கிறார். பச்சைத் தேயிலைச் சரிவுக்குள் சின்னச் சின்னதாக வரிசை வீடுகளின் தகரக் கூரைகள்.

"அந்தா, லயம் தெரியுது பாரு."

"அது நொன்பரேல் தோட்டம்மா. நீங்க அங்கிட்டுப் பாருங்க, கடல்கூடத் தெரியுமாம்."

அவர் விரல் கூரைகளை விட்டு நகரவில்லை. கணக்குக் கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம் என்றே வாழ்ந்த விரல்.

"நம்ம மேல்லயத்துப் புள்ள ஒண்ண அந்தப் பக்கந்தான் கட்டிக் குடுத்தாங்க" என்கிறார். "அங்கிட்டு எத்தன கிலோவுக்குப் பேர் போடுறாங்களோ, தெரியல."