பனி விரிகுடாவில் காலை உணவு

உல்லாசக் கப்பலில் செல்வோர் பெரிதும் விரும்புவது, தம் அறையை ஒட்டிய மாடத்தில் தனித்தமர்ந்து அருந்தும் காலை உணவாகும். அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில் அப்பேறு நமக்கும் வாய்த்தது. கோடையிலும் அங்கே குளிர்தான். கம்பளியைப் போர்த்தியிருந்தோம், காப்பி விரைவில் ஆறிற்று. எதிரே மார்ஜரி பனியாற்றின் ஒரு பகுதி இடியென முழங்கிக் கடலில் சரிந்தது.

1794இல் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது, இவ்விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியே. அதற்கு முன்னரே, முன்னேறி வந்த பனி, ஹூனா திலிங்கிட் மக்களை அவர்தம் ஊர்களினின்று வெளியேற்றியிருந்தது. பனி பின்வாங்கிய அந்நிலத்தில், 2016இல் அவர்களது குலமனை மீண்டும் எழுந்தது.

அன்பு வாசகரே, பணம் செலுத்தித் தனிமையைப் பெறலாம். ஆயினும் நாம் தனியிடம் என எண்ணுவது பிறருடைய முற்றமாயிருக்கக்கூடும். அங்கே விருந்தினரின் பணிவே நமக்கு அழகு.