வெண்கல முகம்

ஆண்பிள்ளை கண்ணாடி பார்ப்பதற்கு நம் வீடுகளில் ஒரு கால அளவு உண்டு. தலை வாரிக்கொள்ள அரை நிமிஷம். நெற்றிக்கு இட்டுக்கொள்ள அரை நிமிஷம். க்ஷவரம் செய்துகொள்ளும் நாளில் மட்டும் ஐந்து நிமிஷம். அதற்குமேல் நின்றால், "என்ன, பெண் பார்க்கப் போகிறாயா?" என்று கேட்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவனும், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனும், போதாக்குறைக்குப் பௌதிக உபாத்தியாயருமான ஒருவன் அப்படி நின்றால் கேள்விகூடக் கிடையாது, கவலைதான். ஆகவே, முகத்துக்குப் பூச்சு வாங்கி நான் பூசிக்கொண்டதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நேயர்களில் சிலர் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். வைத்த விரலை எடுக்காமலே மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பூச்சின் பெயர் "பிரான்ஸர்". பிரான்ஸ் என்றால் வெண்கலம். வெயிலில் நடந்து வந்தவனுடைய முகத்தில் காணும் செம்பழுப்பு நிறத்தைத் தூளாகவோ, களிம்பாகவோ, கூழாகவோ டப்பியில் அடைத்து விற்கிறார்கள். தமிழில் இதை "வெண்கலப் பூச்சு" என்று அழைக்கலாமே என்று பார்த்தால், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழுப்பு நிறமான அந்த உலோகத்துக்கும் நம் முன்னோர்கள் "வெண்" என்றுதான் அடைமொழி கொடுத்திருக்கிறார்கள். வெளுப்பின்மேல் நமக்குள்ள மோகம் பாத்திரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை போலும்!

மேல்நாட்டில் இந்தப் பூச்சு பிறந்த கதை சுவாரஸ்யமானது. அங்கே ஒரு காலத்தில் வெளுத்த முகம்தான் கனவானின் அடையாளம். வெயிலில் கறுத்தவன் வயலில் உழைப்பவன். தொழிற்சாலைகள் பெருகியபின் உழைப்பாளி கூரையின் கீழ் அடைபட்டு வெளுத்தான். பணக்காரன் கடற்கரையில் வெயில் காய்ந்து பழுத்தான். 1920-களில் பாரிஸ் நகரத்து உடைக் கலைஞரான காப்ரியேல் ஷனேல் போன்றவர்கள் வெயில்பட்ட மேனியுடன் உலாவவே, அதுவே நாகரிகமாயிற்று. கடற்கரைக்குப் போக வசதி இல்லாதவர்களும் போய்வந்தவர்களைப் போலத் தோன்ற விரும்பினார்கள். 1984-ம் வருஷத்தில் கெர்லேன் என்ற பிரெஞ்சுக் கம்பெனி "டெரகோட்டா", அதாவது "சுட்ட மண்", என்ற பெயருடன் ஒரு தூளை வெளியிட்டது. 2013-ல் டாம் ஃபோர்ட் கம்பெனி ஆண்களுக்கென்றே கொண்டுவந்த சாமான்களில் வெண்கலக் கூழும் ஒன்று.

நம் தேசத்திலோ வியாபாரம் நேர் எதிர்த் திசையில் நடந்தது. 1975-ல் "ஃபேர் அண்ட் லவ்லி" வந்தது. பெண்கள் மட்டும் வெளுத்தால் போதுமா என்று 2005-ல் ஆண்களுக்காக "ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்" வந்தது. 2020-ல் முன்னதன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "க்ளோ" என்று மாற்றினார்கள். பெயர் மாறிற்று, மோகம் மாறிற்றா என்பதைக் கல்யாண விளம்பரங்களைப் படிப்பவர்கள் சொல்லட்டும்.

இத்தனை சரித்திரத்தையும் நான் ஆராயும்படி நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பாடம். சில வருஷங்களுக்கு முன், பாடங்களைப் படம் பிடித்து மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எங்களில் சிலரை ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த பாடம் "ஒளியின் பிரதிபலிப்பு". விளக்கின் முன் உட்காருவதற்குமுன் அங்கிருந்த ஒப்பனைக்காரர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, என் நிறத்துக்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு வெளுத்த மாவை அப்பினார். "இவ்வளவு வேண்டுமா?" என்று கேட்டேன். "விளக்கு வெளிச்சத்துக்கு இதுதான் ஸார் எடுக்கும்" என்றார். கெட்ட மனிதர் அல்ல. வருகிற எல்லோருக்கும் ஒரே டப்பி என்பதுதான் அவருக்குத் தெரிந்த சமத்துவம்.

பாடம் ஒளிபரப்பான அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். திரையில் சாம்பல் பூத்த பூசணிக்காய் ஒன்று, பழுப்பு நிறக் கழுத்தின்மேல் உட்கார்ந்து, படுகோணமும் பிரதிபலிப்புக் கோணமும் சமம் என்று போதித்தது. "குரல் உங்களுடையதுதான், முகம் யாருடையது?" என்றாள் என் மனைவி. என் தாயாருக்கு மட்டும் பரம திருப்தி. "குழந்தை நல்ல சிவப்பாகத்தானே இருக்கிறான்!" என்றாள்.

மறுநாள் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்றான். கறுப்பு என்றால் நல்ல கறுப்பு, கணக்கில் புலி. "ஸார், நான் பெரியவனாகி வாத்தியார் வேலைக்கு வந்தால் எனக்கும் இப்படி வெள்ளையடித்துத்தான் காட்டுவார்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பிரதிபலிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசின எனக்கு அதற்குப் பதிலாக அரை வாக்கியம்கூட அகப்படவில்லை. இன்னும் மூன்று பாடங்கள் படமாக வேண்டியிருந்தன. அவற்றில் என் முகம் என் முகமாகவே இருக்க வேண்டும் என்று அப்போதே தீர்மானம் செய்துகொண்டேன்.

"அப்படியானால் ஒன்றும் பூசாமல் போய் உட்கார்ந்துவிடுவதுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பௌதிகம் குறுக்கே நிற்கிறது. முகத்துக்கு உருவம் கொடுப்பது வெளிச்சம் மட்டும் அல்ல, நிழலும்தான். எதிரிலிருந்து பல விளக்குகள் சேர்ந்து அடிக்கும்போது மூக்கின் பக்கத்து நிழலும் கன்னத்தின் பள்ளமும் அழிந்து, முகம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகிவிடுகிறது. நெற்றியில் வியர்வையும் எண்ணெயும் பளபளக்க, தோலின் சிவப்புச் சாயை மங்கி, நோயாளியைப் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது.

இதற்குப் பிரசித்தமான உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1960-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற கென்னடியும் நிக்ஸனும் சிகாகோவில் டெலிவிஷன் கருவிக்கு முன் விவாதம் செய்தார்கள். கென்னடியின் முகம் வெயில்பட்டுச் செழித்திருந்தது. நிக்ஸன் முழங்கால் நோயினால் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர். முறையான ஒப்பனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாடியின் கருமையை மறைக்க "லேஸி ஷேவ்" என்ற மாவை மட்டும் பூசிக்கொண்டு வந்தார். விளக்கின் முன் வெளிறி, வியர்த்து, களைத்துத் தோன்றினார். அந்த முகத்தினால்தான் தேர்தலில் தோற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், திரைக்கு முன் சும்மா இருப்பதும் ஒருவகை வேஷமாகவே முடியும் என்பதற்கு அது போதிய சாக்ஷி.

இந்த யோசனையில் நான் இருந்தபோது என் தமக்கையின் மகன் சென்னையிலிருந்து வந்தான். தினந்தோறும் கம்ப்யூட்டர் திரையின் மூலம் அயல்நாட்டாரோடு பேசும் உத்தியோகம் அவனுக்கு. விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பையிலிருந்து சிறு டப்பி ஒன்றை எடுத்தான். "மாமா, மூன்று வருஷமாக நான் இதைப் பூசிக்கொண்டு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததா?" என்றான்.

"தெரியவில்லையே, அப்பா!"

"அதுதான் மாமா இதற்குப் பரீக்ஷை. யாருக்கும் தெரியாவிட்டால் பாஸ்!"

அன்று மாலை அவன் எனக்கு உபாத்தியாயரானான். அவனிடம் கற்றதையும், பிறகு நானே ஆராய்ந்து அறிந்ததையும் இங்கே சொல்கிறேன்.

முதலாவதாக, கழுவினால் போகும் பூச்சு வேறு. கழுவினாலும் போகாத சாயம் வேறு. பின்னதில் டைஹைட்ராக்ஸி அஸிடோன் என்ற சர்க்கரைப் பொருள் சேர்கிறது. 1950-களில் அமெரிக்காவில் ஸின்ஸினாட்டி நகரத்து ஆஸ்பத்திரியில் ஈவா விட்கென்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர் அதைக் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்துவந்தார். மருந்து சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதை அவர் கவனித்தார். அது தோலின் மேற்புறத்து உயிரற்ற அடுக்கோடு கலந்து நிறம் தருகிறது. அந்த அடுக்கு உதிர உதிர, ஒரு வாரத்தில் மறைகிறது. திட்டுத்திட்டாகப் படிந்துவிட்டால் அந்த ஒரு வாரமும் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே போகவேண்டும். எனவே உபாத்தியாயர்களுக்கு உகந்தது கழுவினால் போவதே.

அந்தப் பூச்சுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடுகள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற மூன்று. இவற்றில் சிவப்பு நமக்குப் புதியது அல்ல. கோலத்தின் ஓரத்தில் நம் பெண்கள் இடும் காவியே அதன் நெருங்கிய உறவு. அதற்காக வாசலிலிருந்து அள்ளிப் பூசிக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு உரியதைச் சுத்திகரித்துத் தயாரிக்கிறார்கள். வெளுத்த மாவில் சேரும் டைட்டேனியம் டையாக்ஸைடோ எல்லா ஒளியையும் சிதறடிக்கும் வெண்பொருள். பழுப்புத் தோலின்மேல் படிந்தால் சாம்பல் நிறம் காட்டும். என் பூசணிக்காய்க் கோலத்துக்கு விஞ்ஞான காரணம் இதுதான்.

இரண்டாவது, நிறம் தேர்ந்தெடுப்பது. மனிதர்கள் எல்லோருடைய தோலிலும் நிறத்தை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை தரும் மெலனின் என்ற பொருளின் அளவிலும் வகையிலும்தான் வித்தியாசம். கறுப்பு என்று நாம் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிற நிறத்தில் எத்தனை நிறங்கள்! ஒருவன் பனைவெல்லம், ஒருவன் புதுப்புளி, ஒருவன் வறுத்த காப்பிக்கொட்டை. ஒருவன் தோலின் அடியில் செம்மை ஓடுகிறது. இன்னொருவனுக்கு மஞ்சள் ஓடுகிறது. இதை அறியத் தன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகில், வெட்கமின்றிப் பார்க்க வேண்டும். கடைக்குள் எரியும் விளக்கை நம்பக் கூடாது. தாடை ஓரத்தில் சிறிது தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும். நம் நிறத்தைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி ஆழ்ந்ததே பொருந்தும். வெள்ளைக்காரர்களுக்கென்று செய்த வெண்கலம் நம்மில் பலருக்கு முகத்தைவிட வெளுப்பாக இருக்கும். அல்லது கிச்சிலிப்பழ நிறம் காட்டும். எனக்குப் பொருந்தியது பழஞ்செங்கல் நிறம். மினுமினுப்புச் சேர்த்தது வேண்டவே வேண்டாம். நம் சீதோஷ்ணத்தில் அந்த மினுமினுப்பை வியர்வை இலவசமாகவே கொடுத்துவிடும். எண்ணெய் வடியும் முகத்துக்குத் தூள் நல்லது. வறண்ட முகத்துக்குக் கூழோ களிம்போ நல்லது. எதை வாங்கினாலும் முதல் நாள் முழங்கையின் உட்புறம் சிறிது பூசி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துவிடுவது விவேகம்.

மூன்றாவது, பூசும் முறை. க்ஷவரம் செய்துகொண்ட உடனே பூசினால் எரியும். சற்றுப் பொறுக்க வேண்டும். முகத்தைக் கழுவி, ஈரப்பசை தரும் களிம்பை லேசாகத் தடவி, அது உள்ளே இறங்கியபின் தொடங்கலாம். பெரிய, மிருதுவான தூரிகையில் தூளை எடுத்து, அதிகமானதைத் தட்டிவிட வேண்டும். வெயில் முகத்தில் எங்கே முதலில் விழுமோ அங்கேதான் பூச்சும் விழ வேண்டும்: நெற்றியின் ஓரம், கன்னத்தின் மேடு, மூக்கின் தண்டு, தாடை. மிச்சத்தைக் காதுக்கும் கழுத்துக்கும் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகம் ஓர் ஊரிலும் கழுத்து ஓர் ஊரிலுமாக நிற்கும். இரண்டு நாள் தாடி உள்ளவர்கள் அங்கே கை வைக்காமல் இருப்பது நலம்; மயிர்க்கால்களில் தூள் தங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டைக் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொண்டால் வீட்டில் சண்டை வராது. பூசி முடித்ததும், "போதுமா?" என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இரவில் படுக்குமுன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். இன்னொன்று: வெயில் பட்டது போல் காட்டும் இந்தப் பூச்சு வெயிலிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. அதற்கு உரிய களிம்பு வேறு.

அடுத்த பாடத்துக்கு நான் என் டப்பியோடு சென்றேன். ஒப்பனைக்காரர் முதலில் தயங்கினார். பிறகு திரையில் பார்த்துவிட்டு, டப்பியை வாங்கி நிறத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒளிபரப்பானபோது என் தாயார், "இந்தத் தடவை சற்று வாடியிருக்கிறான்" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் பாடத்தைக் கேட்டாள். மறுநாள் எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் மறுபடியும் எழுந்து நின்றான். எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். "ஸார், கரண்டியின் உட்புறத்தில் முகம் ஏன் தலைகீழாகத் தெரிகிறது?" என்று கேட்டான். பாடம் குழியாடியைப் பற்றியது. என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மருமான் சொன்ன பரீக்ஷையில் தேறிவிட்டேன் என்று அப்போது தெரிந்தது.

ஆண்பிள்ளைகள் எல்லோரும் தினந்தோறும் பூசிக்கொள்ள வேண்டும் என்பது என் கக்ஷி அல்ல. பகல் வெளிச்சத்தில், ஊரும் தெருவும் அறிந்த முகத்துக்கு ஒரு பூச்சும் தேவையில்லை. விளக்கின் முன் நிற்க வேண்டியவர்கள், மணமேடையில் புகைப்படக்காரரிடம் அகப்பட்டவர்கள், திரையின் வழியே உத்தியோகம் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இது உதவும். அவர்களும் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். விளக்கு எடுத்துக்கொண்ட நிறத்தைத் திருப்பிக் கொடுப்பதே இந்தப் பூச்சின் வேலை. இல்லாத நிறத்தைக் கடன் வாங்குவது அல்ல.

சோழர் காலத்து நடராஜ விக்கிரகங்களின் முன் நிற்கும்போது நம்மில் யாராவது, "இன்னும் கொஞ்சம் சிவப்பாக வார்த்திருக்கலாமே" என்று சொல்வதுண்டா? கைகூப்பி நிற்கிறோம். அந்த நிறத்தில்தான் நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தையும் அதே மரியாதையோடு பார்க்கப் பழகிவிட்டோமானால், எந்தக் கடையிலும் சரியான டப்பியைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இராது.